இருபுறமும் திரும்பிய முகம்: 18ஆம் நூற்றாண்டின் படைத்தலைவர் படங்களும் கயத்தாறும்

(கயத்தாற்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களுக்கான விளக்கங்களும் கிளைப்பேச்சுகளும் சுருக்கப்பட்டுள்ளன.)



கயத்தாற்றில் பேச அழைத்தபோது கட்டபொம்மனைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அவரிடம் வந்து சேர லண்டன், பாரிஸ், பிலடெல்பியா என்று சுற்றி வர வேண்டியிருக்கிறது. அந்தச் சுற்றுக்குக் காரணம் ஒரு கேள்வி. 1799 அக்டோபர் 16 அன்று இவ்வூரில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் முகம் எப்படி இருந்தது?

நான் படித்த பள்ளியின் சுவரில் அவர் படம் தொங்கியது. முறுக்கிய மீசை, அகன்ற விழி, நிமிர்ந்த மார்பு. அந்த முகம் 1959இல் வந்த திரைப்படத்தின் முகம், நடிகர் திலகம் சிவாஜி கணேசனின் முகம் என்று எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அன்று தொடங்கிய தேடல்தான் இந்த உரை. கட்டபொம்மனை நேரில் கண்டு வரைந்த படம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அவரை எதிர்த்த படையைச் சேர்ந்த அதிகாரிகள் பலருக்கோ, அதே ஆண்டில், அதே சென்னை மாகாணத்தில் வரையப்பட்ட முகங்கள் இருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி நேர்ந்தது, அதிலிருந்து நாம் என்ன கற்கலாம் என்பதை ஏழு கருத்துகளாக உங்கள் முன் வைக்கிறேன்.

1. ஒருபக்க முகம் ஏன் நம்பப்பட்டது?

ஒருபக்கமாகத் திரும்பிய முகத்தைப் பொறிக்கும் வழக்கம் மிகப் பழையது. நம் கரூரிலும் மதுரையிலும் கிடைத்த ரோமானியக் காசுகளை நினைத்துப் பாருங்கள். பேரரசர் நம்மைப் பார்ப்பதில்லை, பக்கவாட்டில் பார்க்கிறார். நெற்றி, மூக்கு, உதடு, தாடை ஆகிய நான்கையும் ஒரே கோட்டில் சொல்லிவிடலாம் என்பது அந்த முறையின் வசதி. காசைப் போன்ற சிறு வட்டத்துக்குள் ஒரு மனிதனை அடையாளம் காட்ட அந்தக் கோடு போதும்.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா இந்தக் கோட்டுக்கு இன்னொரு பெருமையைச் சேர்த்தது. சுவிட்சர்லாந்துக்காரரான லவாட்டர் 1775 முதல் 1778 வரை வெளியிட்ட முகக்குறி நூல்களில், ஒருவரின் நிழலுருவிலிருந்தே அவர் குணத்தைப் படித்துவிடலாம் என்று வாதிட்டார். நிழல் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை பரவியது. 1786 வாக்கில் கிரெத்தியன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கருவியையே செய்துவிட்டார். அமர்ந்திருப்பவரின் பக்கமுகத்தை ஒரு கண்துளை வழியே பார்த்து, அதன் விளிம்பைக் கோல்கள் பூட்டிய சட்டத்தால் தொடர்ந்து வரைந்து, பிறகு அதைச் சிறிதாக்கிச் செப்புத்தகட்டில் ஏற்றும் கருவி அது.

புரட்சிக்காலத்தில் பிரான்சைவிட்டு வெளியேறிய படை அதிகாரி சேன்-மெமேன் இதே முறையை அமெரிக்காவில் பிழைப்பாகக் கொண்டார். ஓர் ஆணுக்கு 25 டாலர். அதற்கு ஒரு பெரிய வரைபடம், செப்புத்தகடு, 12 அச்சுப் பிரதிகள். ஜார்ஜ் வாஷிங்டன் உட்பட நூற்றுக்கணக்கானோர் அவர் முன் பக்கம் திரும்பி அமர்ந்தார்கள். அந்தப் 12 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். ஒருவர் அமர்ந்தால் பன்னிரண்டு முகங்கள் பிறக்கின்றன. நண்பருக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று. எங்கோ ஒரு பெட்டியில் ஒன்றாவது தப்பிப் பிழைக்கும்.

2. செப்புத்தகட்டின் வேலை

இந்தப் படங்கள் உருவாகும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். லண்டனில் ஜார்ஜ் டான்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1793 முதல் தம் நண்பர்களையும் அக்காலப் புகழாளர்களையும் பென்சிலால் பக்கமுகமாக வரைந்துவந்தார். வங்காளத்தை அளந்து 1782இல் இந்தியப் படம் வெளியிட்ட மேஜர் ஜேம்ஸ் ரென்னலும் அவர் முன் அமர்ந்தவர்களில் ஒருவர்.

இந்த வரைபடங்களில் 72ஐத் தேர்ந்து 1808 முதல் 1814 வரை அச்சுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் டேனியல். அவர் கையாண்டது மென்பூச்சு முறை. செப்புத்தகட்டைச் சூடாக்கி, கொழுப்புக் கலந்த மெழுகுப்பூச்சைத் தடவுவார்கள். அதன்மேல் மெல்லிய தாளை விரித்து, தாளின்மீது பென்சிலால் வரைவார்கள். பென்சில் அழுத்திய இடத்தில் மட்டும் பூச்சு தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். தாளை உரித்தால் அந்தக் கோடுகளில் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால் அங்கே மட்டும் அரிக்கும். பிறகு மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால், பென்சிலின் சொரசொரப்புகூட மாறாமல் தாளில் இறங்கும்.

ஒன்று மட்டும் மாறும். தகட்டில் இடப்பக்கம் நோக்கும் முகம் தாளில் வலப்பக்கம் நோக்கும். கவனக்குறைவான செதுக்குநர் கையில் படை அதிகாரியின் வாள் மறுபக்க இடுப்புக்குப் போய்விடும். நிழல் பொய் சொல்லாது என்று நம்பிய நூற்றாண்டின் படங்களில்கூட, அச்சில் ஏறும்போது உலகம் இடம் வலமாகப் புரள்கிறது. அச்சான படத்தைப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த முகம் எந்தக் கையால், எந்தப் பக்கமாகத் திருப்பப்பட்டது?

3. இந்த வழியாக வந்த ஓவியர்

அந்த வில்லியம் டேனியல் நமக்கு அந்நியர் இல்லை. 1792இல், சிறிய தந்தை தாமஸ் டேனியலோடு அவர் தென்னாட்டுக்கு வந்தார். மதுரையைப் பார்த்தார்கள், திருநெல்வேலிச் சீமைக்கு இறங்கினார்கள். பாபநாசம் அருவியை வரைந்தார்கள். களக்காட்டுப் பக்கத்திலிருந்து குமரிமுனை மலைகளை வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த அவர்களுடைய 144 படங்களின் தொகுதியில் இவை இடம்பெற்றன.

1792இல் பாஞ்சாலங்குறிச்சியின் பாளையக்காரராக இருந்தவர் நம் கட்டபொம்மன். 1790இல் பட்டமேற்ற அவர் அப்போது முப்பதைத் தாண்டியவர். நாட்டின் மிகச்சிறந்த படக்கலைஞர்களில் இருவர் அவருடைய சீமைக்குப் பக்கத்திலேயே நடமாடினார்கள். அவர்கள் அருவியை வரைந்தார்கள், மலையை வரைந்தார்கள், கோயிலை வரைந்தார்கள். பாளையக்காரரின் முகம் அவர்கள் தொகுதியில் இல்லை.

இதில் சதியைத் தேட வேண்டியதில்லை. அவர்களுக்குப் படம் வாங்குபவர்கள் லண்டனில் இருந்தார்கள். அந்த வாடிக்கையாளருக்கு இந்தியா என்பது காட்சி, இங்கிலாந்து என்பது முகம். பாபநாசத்து அருவியைப் பதித்த அதே கை பிற்பாடு லண்டன் பிரமுகர்களின் மூக்கையும் தாடையையும் நுணுக்கமாகப் பதித்தது. யாருக்கு முகம், யாருக்கு நிலக்காட்சி என்று பிரித்தது வாங்குபவரின் பணப்பை.

4. 1799: சென்னையில் வரையப்பட்ட முகங்கள்

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் மாண்டார். அச்செய்தி கேட்டதும் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர், அந்தப் போரைப் பெரிய வரலாற்று ஓவியங்களாகத் தீட்டும் திட்டத்தோடு இறங்கினார். போரில் பங்கெடுத்த கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளை ஒவ்வொருவராக அமரவைத்துக் கரியாலும் சாக்கட்டியாலும் வரைந்தார். 50க்கு மேற்பட்ட அந்த முகங்கள் இங்கிலாந்தில் வெலிங்டன் பிரபுவின் குடும்ப மாளிகையில் இன்றும் இருக்கின்றன. லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் 1800இல் சீரங்கப்பட்டண முற்றுகையை மாபெரும் திரையோவியமாகக் காட்சிக்கு வைத்தார். அதை வெந்திராமினி செப்புத்தகட்டில் செதுக்க, அதிகாரிகளின் முகங்கள் வீட்டுச் சுவர்களுக்குப் போயின.

திப்பு வீழ்ந்து ஐந்து மாதம் கழித்து, அதே சென்னைப் படை கயத்தாற்றில் நின்றது. செப்டம்பர் 5 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிப் பெரும் இழப்புக்கு ஆளான மேஜர் பானர்மேன், புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் பிடித்துக் கொடுத்த கட்டபொம்மனை இங்கே கொண்டுவந்து, பாளையக்காரர்களைக் கூட்டி, விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தித் தூக்கிலிட்டார். அவரைத் தூக்கிலிட்ட புளியமரத்தின் அருகே சித்திரக்காரர் யாரும் அமர்ந்திருக்கவில்லை.

மடிந்த வெள்ளை அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் எழும்பின. பாஞ்சாலங்குறிச்சிக்கோ 1801இல் கோட்டையை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்து, பதிவேடுகளிலிருந்து பெயரையும் நீக்கினார்கள் என்பது வரலாறு. ஒரு பக்கம் செம்பில் செதுக்கிய அதே காலத்தில், மறுபக்கம் மண்ணிலிருந்து அழித்தார்கள்.

5. கலகக்காரர் என்பதால் மட்டுமா?

கும்பினிக்கு எதிரி என்பதால்தான் படம் இல்லை என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. அமெரிக்காவைப் பாருங்கள்.

பிரிட்டிஷ் முடியாட்சியை எதிர்த்துப் போரிட்ட வாஷிங்டன், கேட்ஸ், ஸ்டூபன் போன்ற தளபதிகளை, பிலடெல்பியாவில் வாழ்ந்த து சிமிதியேர் என்ற ஜெனீவாக்காரர் பக்கமுகமாக வரைந்தார். வரைபடங்கள் பாரிசுக்குப் போய் 1781இல் செம்பில் பொறிக்கப்பட்டன. 1783இல், போர் முடியும் வேளையில், லண்டன் கடைகளிலேயே அவற்றின் பதிப்புகள் விற்பனைக்கு வந்தன. தங்களைத் தோற்கடித்த கலகத் தளபதிகளின் முகங்களை லண்டன்வாசிகள் காசு கொடுத்து வாங்கினார்கள். 1781இல் வாஷிங்டனிடம் சரணடைந்த காரன்வாலிஸ்தான் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். இரண்டு போராட்டங்களும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை, எதிராளியும் ஒருவரே.

வேறுபாடு ஒன்றுதான். அமெரிக்கரிடம் தங்களவரை வரைய ஆள் இருந்தார், பொறிக்கத் தோழமை நாட்டில் பட்டறை இருந்தது. நம்மிடம் வரையத் தெரிந்தவர்கள் இல்லாமலா போனார்கள்? இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் சுவர்களைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி அங்கே போர்க்களத்தில் நிற்கிறார், வெள்ளையரைச் சபையில் வரவேற்கிறார். ஆக, நம்மவருக்கும் உருவம் எழுதும் கை இருந்தது. ஆனால் அந்த ஓவியம் சுவரோடு நிலைத்து நின்றது, பன்னிரண்டாகப் பெருகவில்லை.

அச்சும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. தாமிரபரணி கடலில் கலக்குமிடத்துப் புன்னைக்காயலில் 1586இலேயே தமிழில் அடியார் வரலாறு அச்சேறியதாக ஆய்வாளர்கள் கூறுவர். அந்த அச்சு மடாலயத்தோடு வந்து மடாலயத்தோடு போயிற்று. பாளையக்காரரின் அரண்மனைக்குள் அது நுழையவில்லை. இங்கே என் உரையின் மையக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பொறிக்கப்பட்ட முகம் ஒருவர் எப்படி இருந்தார் என்பதற்குச் சான்றாவதைவிட, அவர் முகத்தைப் பெருக்கும் வலிமை யார் கையில் இருந்தது என்பதற்கே பெரிய சான்று. அப்படியானால் முகம் இல்லாமையும் ஓர் ஆவணம். அதையும் நாம் படிக்க வேண்டும்.

6. பகைவர் எழுதிய இரு சொல்லோவியங்கள்

படம் இல்லாத இடத்தில் சொல் இருக்கிறது. அதுவும் பகைவரின் சொல்.

தூக்கிலிட்ட மறுநாள், 1799 அக்டோபர் 17 அன்று, பானர்மேன் அரசுக்கு எழுதிய கடிதத்தில் கட்டபொம்மனின் நடத்தையைப் பதிவு செய்கிறார். விசாரணை நேரம் முழுவதும் அவர் அஞ்சாமல், யாரையும் பொருட்படுத்தாமல் நின்றார். தம்மைப் பிடிக்க முனைந்த எட்டயபுரம் பாளையக்காரரையும் சிவகிரி பாளையக்காரரையும் இகழ்ச்சியோடு நோக்கினார். தூக்குமேடைக்குப் போகும்போது உறுதியான நடையில், இருபுறமும் நின்ற பாளையக்காரர்மீது வெறுப்பான பார்வையை வீசியபடி நடந்தார். இவ்வளவும் அவரைக் கொல்லச் சொன்னவரே எழுதியது.

நண்பர்களே, இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது இதுதான்: கட்டபொம்மனைக் கண்ணால் கண்டவர் விட்டுச்சென்ற பக்கமுகம் இது. வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை. மீசையின் அளவோ மூக்கின் வளைவோ அதில் இல்லை. ஆனால் அந்தக் கழுத்து திரும்பிய விதம் இருக்கிறது. லவாட்டர் நிழற்கோட்டில் தேடிய குணம், இங்கே ஒரு திரும்பலில் முழுமையாக நிற்கிறது.

இன்னொரு சொல்லோவியம் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையுடையது. 1801 போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் லண்டனில் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் அவரை வருணிக்கிறார். உயரமான, மெலிந்த, நோயாளிபோல் தோன்றும் உடல். அதற்குள் அசாத்தியமான மனவுறுதி. தாக்குதலுக்கு உத்தரவிட அவர் இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துண்டுகளை அடுக்குவாராம். அவைதாம் வெள்ளைப்படை. சைகையால் நேரத்தைக் காட்டிவிட்டு, வலக்கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளி, வாயால் ஒரு சீறல் எழுப்புவாராம். அவ்வளவுதான், படை கிளம்பிவிடும். எந்தச் செதுக்கூசியும் இப்படி ஒரு கையைப் பொறித்ததில்லை. வாய் பேசாத ஒருவரின் ஆணையை, அவர்மீது சுட்ட படையின் அதிகாரியே நமக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

7. நாம் பெருக்கிய முகம்

பொறிக்கப்படாத முகத்தை இந்த மக்கள் வேறு வழிகளில் பெருக்கிக்கொண்டார்கள். கட்டபொம்மு கதைப்பாடல் வாய்வழியே ஊர் ஊராகப் போனது. பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்து நமக்குத் தந்தார். ம.பொ.சி. நூலாக எழுதினார். பிறகு மேடை, பிறகு பந்துலுவின் திரைப்படம். சிவாஜி கணேசன் தம் சொந்தப் பொறுப்பில் இடம் வாங்கி இந்தக் கயத்தாற்றில் சிலை நிறுவினார். 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை எழுந்தது. 1999இல் அஞ்சல்தலை வந்தது.

முகத்தை அச்சில் பெருக்கும் தொழில் நம் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். சென்னை ஓவியப்பள்ளியில் பயின்ற கொண்டையா ராஜு நாடகக் குழுவுக்குத் திரை எழுத வந்து, கோவில்பட்டியில் தங்கி, 1976இல் மறையும் வரை இங்கேயே வரைந்தார். அவரும் மாணவர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகி நாடெங்கும் போயின. லண்டன் பட்டறையிடம் ஒரு காலத்தில் இருந்த வலிமை, நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் கரிசல் மண்ணில் இறங்கியது. இன்று ஒரு முகத்தை இலட்சம் பிரதி எடுக்கச் சிவகாசிக்கு ஒரு நாள் போதும்.

வலிமை கையில் வந்தால் பொறுப்பும் வர வேண்டும். சிலையின் முகம் ஒரு மாபெரும் நடிகரின் முகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மக்கள் அன்போடு ஏற்ற முகம் அது. ஆனால் அதை 1799இன் முகம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. அதனால் இந்த அவையின் முன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, நினைவிடங்களில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் அது எந்த ஆண்டில், யாரால், எதைப் பார்த்து வரையப்பட்டது என்று கீழே எழுதுங்கள். இரண்டாவது, ஹிக்கி வரைந்த அதிகாரிகளின் முகங்களையும் நம் பள்ளிகளில் காட்டுங்கள். பகைவரின் முகத்தைப் படிக்கத் தெரிந்த மாணவர்தான் தம்மவரின் முகமின்மையையும் படிப்பார். மூன்றாவது, ஆண்டுதோறும் அக்டோபர் 16 அன்று, மாலை சாத்துவதோடு பானர்மேனின் அந்தக் கடிதப் பகுதியையும் நல்ல தமிழில் மக்கள் முன் வாசியுங்கள். கட்டபொம்மனைக் கண்டவர் எழுதிய வரிகள் அவை. அவற்றைக் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

நிறைவாக ஒன்று. புளியமரம் நின்ற இடத்தைக் கடக்கும் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள் என்றும், கற்கள் குவிந்து குவிந்து உயர்ந்தன என்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். செப்புத்தகட்டை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். ஒவ்வொரு பிரதி எடுக்கும்போதும் தகடு கொஞ்சம் தேயும். சில நூறு பிரதிகளுக்குள் இமையின் கோடு மங்கும், பிறகு உதட்டின் கோடு. பெருகப் பெருகத் தேய்வது அதன் இயல்பு. கயத்தாற்றுக் கற்குவியலோ ஒருவர் நினைத்துக் கடக்கும்போதெல்லாம் ஒரு கல் உயர்ந்தது. முகம் தெரியாத ஒருவருக்காக, பெயர் தெரியாத மக்கள் எழுப்பிய உருவம் அது. செப்புத்தகடு இல்லாத மக்கள் தம் வழியில் எடுத்த பிரதிகள் அந்தக் கற்கள்.